சென்னையில் ஒரு ஃபுட்பால் டீம் ஏன் நிலைக்க மாட்டேங்குது?

கேள்வி, ஒரு வாசகர், அடையாறு:
"கோடிப் பேர் இருக்கிற ஊர். கொச்சியில் மஞ்சள் சட்டைக் கூட்டம் அலைமோதுது, கொல்கத்தாவில் நூறு வருஷ கிளப்புகள் இருக்கு. நம்ம ஊரில் ஒரு புரொஃபஷனல் டீம் பத்து வருஷம் நிம்மதியா ஓடினதில்லை. என்னைக் கேட்டா கிரிக்கெட்தான் காரணம். சேப்பாக்கம் இருக்கிற வரைக்கும் ஃபுட்பால் இங்கே தலையெடுக்காது. மறுப்பவர்கள் மறுக்கலாம்."

7 ஆகஸ்ட் 2025, காலை

மறுக்கிறேன். ஆனால் முழுசா மறுக்க முடியுமான்னு தெரியலை, எழுதிக்கிட்டே யோசிக்கிறேன்.

நேத்துதான் நம்ம ஊர் டீம் சென்னையின் எஃப்சி தன் வேலைகளை நிறுத்தி வைக்கிறதா அறிவிச்சது. அவங்க ஆடுற ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக், நடக்குமா நடக்காதான்னே தெரியாதபோது சம்பளம் எங்கிருந்து வரும்? ரெண்டு நாள் முன்னாடி பெங்களூருவும் இதையே சொல்லிச்சு. அதனால இந்த வாரத்துக் கூத்துக்குச் சென்னையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்க கேள்வி இந்த வாரத்தைப் பத்தினது இல்லையே.

நான் பெரம்பூர்க்காரன். 2014 டிசம்பர் 16, பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் இருந்தேன். முதல் சீசன், அரையிறுதி ரெண்டாம் ஆட்டம். கொச்சியில் கேரளாகிட்ட 3-0 வாங்கிட்டு வந்திருந்தோம். எவனும் நம்பலை. ஒண்ணு போட்டோம், ரெண்டு போட்டோம், ஆட்டம் முடியப் போற நேரத்தில் ஜேஜே மூணாவதைப் போட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், ஐசிஎஃப்பில் வேலை பார்த்து ரிடையர் ஆனவராம், என் தோளைப் பிடிச்சு உலுக்கின உலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. எக்ஸ்ட்ரா டைம் முடிய மூணு நிமிஷம் இருக்கும்போது ஸ்டீஃபன் பியர்சன் ஒரு கோல் போட்டார். கேரளா ஃபைனலுக்குப் போச்சு, நாங்க வியாசர்பாடி ஜீவா வரைக்கும் ஒரு வார்த்தை பேசாம ரயிலில் வந்தோம்.

அன்னைக்கு அந்த ஸ்டேடியத்தில் கிரிக்கெட் எங்கே இருந்துச்சு? யாருக்கும் அந்த நினைப்பே இல்லை.

இன்னொண்ணு. சென்னைன்னு பேர் வச்ச அணிகள் மூணு தேசிய லீக் பட்டம் ஜெயிச்சிருக்கு. சென்னையின் எஃப்சி 2015, 2018 ரெண்டும் கோவாவில். ஐ-லீக்ங்கிற இன்னொரு தேசிய லீக்கில் ஆடின சென்னை சிட்டி 2019, கோயம்புத்தூரில். மூணில் ஒரு கோப்பையைக்கூட இந்த ஊர் மண்ணில் நின்னு தூக்கினதில்லை. இதை யோசிச்சுப் பாருங்க. மத்தது அப்புறம்.

7 ஆகஸ்ட் 2025, இரவு

திருத்தம். 2018 ஃபைனல் கோவாவில் இல்லை, பெங்களூரு கண்டீரவாவில். மூணு பேர் தனித்தனியா வந்து தலையில் குட்டிட்டாங்க. குட்டு வாங்க வேண்டியதுதான், அந்த மேட்சை நான் ஆபீஸ் கேன்டீனில் நின்னுக்கிட்டே பார்த்தவன். மார்ச் 17. மெயில்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டினதே ரெண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒண்ணு, 3-2. சேத்ரி முதலில் கோல் போட்டதும் கேன்டீனில் ஒரு பெங்களூர்க்காரன் விசில் அடிச்சான், கடைசியில் அவன்தான் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

2015 மட்டும்தான் கோவா, ஃபதோர்டா ஸ்டேடியம். கணக்கு அப்படியேதான் நிக்குது: கோவா, பெங்களூரு, கோவை. சென்னை பூஜ்யம்.

9 ஆகஸ்ட் 2025

சரி, கிரிக்கெட்.

அடையாறு நண்பர் திரும்பத் திரும்ப சிஎஸ்கேவோட மஞ்சள் ஜெர்சியையே காட்டுறார். அதை வச்சே பேசுவோம். சிஎஸ்கே 2016, 2017 ரெண்டு வருஷம் தடையில் இருந்துச்சு. 2018இல் திரும்பி வந்தது, சேப்பாக்கத்தில் ஒரே ஒரு மேட்ச், காவிரிப் போராட்டம், மீதி ஹோம் மேட்ச் எல்லாம் புனேவுக்குப் போச்சு. ரசிகர்களுக்கு ஸ்பெஷல் ரயில் விட்டாங்க. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல உக்காந்து போனாங்க.

இப்ப ஃபுட்பால். 2015 டிசம்பர் வெள்ளம். ஊரே மிதந்துக்கிட்டிருந்துச்சு. கொல்கத்தாவோட நடக்க வேண்டிய ஹோம் அரையிறுதியைத் தூக்கி எங்கே வச்சாங்க? அதே புனே! 3-0 ஜெயிச்சாங்க. அடுத்து கோவாவில் ஃபைனல். ஆட்டம் முடியுற நேரத்தில் 2-1ன்னு பின்தங்கி நின்னு, கோவா கோல்கீப்பர் கட்டிமணி கையில் பட்டு ஒண்ணு உள்ளே போயி, அடுத்த ரெண்டு நிமிஷத்தில் மென்டோசா போட்டு முடிச்சார். எங்க தெருவில் அப்பக் கரெண்ட் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்துச்சு. முழங்கால் அளவுக்குச் சேறு காஞ்சுபோன வீட்டுக்குள்ள, சுவரில் தண்ணி நின்ன கோட்டுக்குக் கீழே உக்காந்து பார்த்தோம். அந்தக் கப்புக்கு இந்த ஊர் எவ்வளவு ஏங்கியிருந்துச்சுன்னு அந்த வாரம் இங்கே இருந்தவங்களுக்குத் தெரியும்.

புனேவுக்கும் நமக்கும் என்ன பூர்வஜென்ம பந்தமோ. (புனேவோட சொந்த ஐஎஸ்எல் டீமே 2019இல் காணாமப் போச்சு. அது தனிக்கதை, வர்றேன்.)

நான் சொல்ல வந்தது: ரெண்டு வருஷம் இல்லாம இருந்த கிரிக்கெட் டீமுக்காக ஊர் காத்திருந்துச்சு. அப்போ ஊருக்குக் காத்திருக்கத் தெரியும். ஃபுட்பாலுக்காக ஏன் காத்திருக்கலைன்னுதான் கேக்கணும். கிரிக்கெட் வந்து பிடுங்கிக்கிச்சுன்னு சொல்றது சோம்பேறித்தனமான பதில்.

12 ஆகஸ்ட் 2025

ஃபுட்பால் இந்த ஊரில் இல்லைன்னு சொல்றவங்க சென்ட்ரலைத் தாண்டி வடக்கே வந்ததில்லை. வியாசர்பாடிக்கு வாங்க. முல்லை நகர் பக்கம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நில்லுங்க. பந்து உங்க காலில் வந்து மோதலைன்னா நான் பேர் மாத்திக்கிறேன். உலகக்கோப்பை வந்தா தெருவுக்குத் தெரு பிரேசில் கொடி, அர்ஜென்டினா கொடி. 2018 சாம்பியன் டீமில் இருந்த தனபால் கணேஷ் இந்தப் பக்கத்துப் பையன்தான்.

அப்ப ஆட்டமும் இருக்கு, ஆட்டக்காரனும் இருக்கான். இல்லாதது என்ன?

என் பெரியப்பா கதையைச் சொல்றேன். எழுபதுகளில் லெஃப்ட் விங் ஆடினவர். எங்க ஏரியாவில் பையன் நல்லா பால் ஆடினா பெத்தவங்க சொல்ற ஒரே வார்த்தை: "நல்லா ஆடுடா, பேங்க்ல எடுத்துப்பாங்க." ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, கஸ்டம்ஸ், இன்கம்டாக்ஸ், இந்தியன் பேங்க். சீனியர் டிவிஷன் லீக் முழுக்க இப்படி டிபார்ட்மென்ட் டீம்கள்தான். பந்து உதைச்சா சம்பளம் வராது. பந்து உதைச்சா வேலை வரும், அந்த வேலைக்குச் சம்பளம் வரும். பெரியப்பாவுக்கும் அப்படி ஒரு ஆபீஸில் கிளார்க் வேலை கிடைச்சது. முப்பத்திரண்டு வயசில் முட்டி போச்சு. அடுத்த நாள் காலையில் பத்து மணிக்கு சீட்டில் உக்காந்தார், அம்பத்தெட்டு வயசு வரைக்கும் எந்திரிக்கலை. அவர் வாயில் ஒரு நாளும் "எங்க கிளப்"னு வந்ததில்லை. "எங்க ஆபீஸ்"தான்.

இந்தியன் பேங்க் டீம் பழைய தேசிய லீக்கோட முதல் டிவிஷனிலேயே ஆடியிருக்கு. சபீர் பாஷா, ராமன் விஜயன் எல்லாம் அங்கே ஆடினவங்க. அது சென்னையோட டீம்தான். ஆனா சென்னையில் எத்தனை பேர் அதைத் தன் டீம்னு நினைச்சாங்க? அக்கவுன்ட் இருந்தா மட்டும் போதுமா?

13 ஆகஸ்ட் 2025

"இந்தியன் பேங்க் புரொஃபஷனல் டீமே இல்லை, அதை ஏன் இழுக்கிறீங்க" என்று ஒருவர். ஆமாம், இல்லைதான். அதைத்தானே சொல்றேன். இந்த ஊர் ஃபுட்பாலோட அடித்தளமே வேலை உத்தரவாதம்தான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுக்கிறது குறைஞ்சதும் டீமும் குறைஞ்சுபோச்சு. அந்த இடத்தில் கிளப்னு ஒண்ணு வளரவே இல்லை. 2014இல் மேலே இருந்து ஒண்ணை இறக்கினாங்க.

20 ஆகஸ்ட் 2025

சென்னை சிட்டி பத்தி நாலு பேர் கேட்டுட்டாங்க. உக்காந்து எழுத நேரம் கிடைக்கலை.

பழைய பேர் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப், 1946. 2016-17இல் ஐ-லீக்குக்குள்ள நேரடியா வந்தாங்க. முதல் வருஷம் பெரியமேட்டில் ஆடினாங்க. அடுத்த வருஷத்திலிருந்து ஹோம் கிரவுண்டு கோயம்புத்தூர். பேரில் சென்னை, வீடு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி.

2019 மார்ச் 9. கடைசி நாள். நாங்க ஜெயிச்சா நாங்க சாம்பியன், தடுக்கினா ஈஸ்ட் பெங்கால் வந்துடும். நானும் என் மச்சானும் சேரன் எக்ஸ்பிரஸில் போனோம். கோவை நேரு ஸ்டேடியத்தைப் பார்க்காதவங்களுக்கு: அதைச் சுத்தி வெளிப்பக்கம் முழுக்கக் கடைகள். இந்தப் பக்கம் ஜெர்சி போட்ட கூட்டம் உள்ளே போகுது, அந்தப் பக்கம் ஒரு அம்மா மிக்சி ரிப்பேருக்குக் கொண்டுவந்து நிக்கிறாங்க. ஆரம்பத்திலேயே எதிர் டீம் மினர்வா ஒண்ணு போட்டுட்டாங்க. பாதி ஆட்டம் முடிஞ்சும் 0-1. மச்சான் மொபைலில் கோழிக்கோடு மேட்சைப் பார்த்துக்கிட்டு இருக்கான், அங்கே ஈஸ்ட் பெங்காலும் திணறுது. அப்புறம் பெட்ரோ மன்சி பெனால்டி. அந்த சீசனில் அவர் 21 கோல். பிறகு டிஃபெண்டர் கௌரவ் போரா ரெண்டு. டிஃபெண்டர்! 3-1. ஒரே ஒரு பாயின்ட்டில் சாம்பியன், 43க்கு 42.

பக்கத்தில் இருந்த கோவைப் பையன்கள் கத்தினது "சென்னை! சென்னை!"ன்னு. எங்க ரெண்டு பேரைத் தவிர அந்த வரிசையில் சென்னைக்காரன் யாரும் இல்லை. எனக்கு உள்ளுக்குள்ள வெக்கமா இருந்துச்சு. அவங்க ஊர் டீமை எங்க ஊர் பேர் சொல்லிக் கத்துறாங்க.

அடுத்து நடந்தது. ஐ-லீக் ஜெயிச்சா ஐஎஸ்எல்லுக்கு ஏற்றம் அப்ப கிடையாது, அது 2022-23 சாம்பியனுக்குத்தான் முதல்முதலாக் கிடைச்சது. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வந்து 26 சதவீதப் பங்கு வாங்கினாங்க. எல்லாரும் எழுந்து நின்னோம். 2020 மார்ச்சில் ஆசிய கிளப்புகளுக்கான ஏஎஃப்சி கப், மாலத்தீவின் மாசியாவோட ஹோம் மேட்ச். எங்கே தெரியுமா? அகமதாபாத்தில். பேர் சென்னை, வீடு கோவை, ஆசியாவுக்கு அகமதாபாத். பிறகு கொரோனா, பிறகு கொல்கத்தாவில் பூட்டின ஸ்டேடியத்தில் ஒரு சீசன், அதுக்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்தப் பேரே இல்லை.

சாம்பியன் ஆகி மூணு வருஷம்கூட ஆகலை. வேற எந்த ஊராயிருந்தாலும் தெருவில் இறங்கி ஏதாவது கேட்டிருப்பாங்க. இங்கே ஒரு போஸ்டர்கூட ஒட்டலை. இரங்கல் போஸ்டருக்குப் பேர்போன ஊர் இது.

24 ஆகஸ்ட் 2025

காசு பத்தி பேசாம இதை எழுத முடியாது. எனக்குப் பிடிக்காத பகுதி, சுருக்கமா.

நம்ம நாட்டில் ஃபுட்பால் டீமுக்கு டிக்கெட்டால் வீட்டு வாடகைகூடத் தேறாது. டிவி காசு லீக்கை நடத்துறவங்ககிட்டப் போகுது. 2010 டிசம்பரில் இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷன் அவங்களோட போட்ட பதினஞ்சு வருஷ ஒப்பந்தம், மொத்தம் 700 கோடி. வர்ற டிசம்பர் 8ஆம் தேதி முடியுது. இப்ப நடக்கிற குழப்பத்துக்கு வேர் அதுதான். டீம் நடத்துறவர் வருஷா வருஷம் தன் கைக்காசைப் போடணும். எத்தனை வருஷம் போடுவார்? பிரியம் இருக்கிற வரைக்கும். மும்பையில் மஹிந்திரா யுனைட்டெட்டை 2010இல் மூடினாங்க. அடுத்த வருஷம் பஞ்சாபில் ஜேசிடி. ரெண்டும் கம்பெனி டீம். கம்பெனிக்கு மனசு மாறினா டீம் இல்லை.

நம்ம டீமுக்கு உரிமையாளரா அபிஷேக் பச்சனும் தோனியும் இருக்காங்க. கொடி பிடிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உரிமையாளருக்கு ஊர்ங்கிறது வாடகை வீடு மாதிரி. கட்டுப்படியாகலைன்னா சாமானை ஏத்திக்கிட்டு அடுத்த ஊர். டெல்லி டைனமோஸ் 2019இல் புவனேஸ்வருக்குப் போய் ஒடிஷா ஆச்சு. அதே வருஷம் புனே சிட்டி மூட, அந்த இடத்துக்கு ஹைதராபாத் வந்துச்சு. ஹைதராபாத் 2022இல் சாம்பியன்கூட ஆச்சு. அவங்க கதையும் இப்ப இழுபறிதான்.

அந்த விதத்தில் நம்ம டீம் பத்து வருஷத்துக்கு மேல ஒரே பேரில், ஒரே கிரவுண்டில் இருந்ததே பெரிசு. முதல் பதிவில் ரொம்பத் திட்டிட்டேனோன்னு தோணுது.

6 செப்டம்பர் 2025

இதை ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். அந்த டிராக்.

நேரு ஸ்டேடியத்தை 1993 நேரு கப்புக்காகக் கட்டினாங்க. பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்த இடம், 1956இல் அங்கே டெஸ்ட் கிரிக்கெட்கூட நடந்திருக்கு. கட்டும்போதே பல விளையாட்டுக்கும் பொதுவா, பந்தாடும் இடத்தைச் சுத்தி எட்டு லேன் ஓட்டப் பாதை. கேலரியில் முதல் வரிசையில் உக்காந்தாலும் கார்னர் கிக் எடுக்கிறவன் தீப்பெட்டி சைசில் தெரிவான். நீங்க கத்துறது அவனுக்குக் கேக்காது, அவன் திட்டுறது உங்களுக்குக் கேக்காது. ஃபுட்பாலில் பாதி சுகமே அதுதானே. எங்க ஐசிஎஃப் பக்கத்து கிரவுண்டில் கோட்டுக்கு ரெண்டடி தள்ளி நின்னு பார்ப்போம், த்ரோ போடுறவன் முதுகில் தட்டி "டேய், லெஃப்ட்ல போடு"ன்னு சொல்லலாம், அவன் திரும்பி முறைப்பான். அதில் வளர்ந்தவனை ஐம்பதடி தூரத்தில் கொண்டுபோய் உக்கார வச்சா?

இதுதான் காரணம்னு எனக்குத் தோணுது. ஓட்டப் பாதையை எடுங்க, கூட்டம் வரும்.

6 செப்டம்பர் 2025, ஒரு மணி நேரம் கழிச்சு

போச்சு. கண்டீரவாவிலும் டிராக் இருக்கேன்னு ஒருத்தர் கேட்டுட்டார். ஆமா இருக்கு. அங்கே வெஸ்ட் பிளாக்காரங்க தொண்ணூறு நிமிஷமும் பாட்டுப் பாடுறாங்க. கொல்கத்தா சால்ட் லேக்கிலும் டிராக் இருக்கு. டிராக் தியரி அவுட். நம்ம ரசிகர் கூட்டங்கள் பி ஸ்டாண்ட் ப்ளூஸும் சூப்பர் மச்சான்ஸும் அதே டிராக்கைத் தாண்டித்தான் தொண்டை கிழியக் கத்தினாங்க. அவங்களுக்கு ஒரு மன்னிப்பு.

ஆனாலும் எனக்கு அந்த டிராக் பிடிக்காது. எழுதி வச்சுக்குங்க.

28 செப்டம்பர் 2025

இருபது நாளா எழுதலை. உண்மையைச் சொன்னா எழுத வெக்கமா இருந்துச்சு. பழைய டிக்கெட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வச்சிருந்தேன், எடுத்து எண்ணினேன். 2014இலிருந்து 2020 வரைக்கும் முப்பத்தொண்ணு. அதுக்கப்புறம் இந்த அஞ்சு வருஷத்தில் நாலு. அந்த நாலில் ரெண்டு கேரளா மேட்ச், அதுவும் கேரளாக்கார நண்பன் கூப்பிட்டதால் போனது. ஸ்டேடியத்தில் பாதிக்கு மேல மஞ்சள். என் ஊர் ஸ்டேடியத்தில் நான் கெஸ்ட் மாதிரி உக்காந்திருந்தேன்.

என்ன ஆச்சு எனக்கு? 2020 மார்ச்சில் கோவாவில் ஃபைனல், ஆள் இல்லாத ஸ்டேடியத்தில், கொல்கத்தாகிட்ட 3-1 தோல்வி. அடுத்த ரெண்டு சீசனும் முழுக்க கோவாவில். அந்த ரெண்டு வருஷத்தில் என் பையனுக்கு அஞ்சு வயசு ஏழு ஆச்சு. அந்த வயசில்தான் ஒருத்தனை ஸ்டேடியத்துக்குத் தோளில் தூக்கிட்டுப் போய் ஒரு டீமை மனசில் ஊன்றணும். நான் அவனோட சோபாவில் உக்காந்து இங்கிலீஷ் லீக் பார்த்தேன். இப்ப அவனுக்கு லிவர்பூலில் ரிசர்வ் கோல்கீப்பர் பேர் தெரியும், சென்னையின் கேப்டன் யாருன்னு தெரியாது. டீம் 2022இல் திரும்பி வந்தப்ப, வியாழக்கிழமை ராத்திரி ஏழரை மணி மேட்ச், மறுநாள் ஸ்கூல், திரும்பி வர மணி பத்தரை. "அடுத்த மேட்ச் போலாம்டா"ன்னு சொன்னேன். அப்படியே மூணு வருஷம் சொன்னேன்.

சிஎஸ்கேவுக்காக ஊர் காத்திருந்துச்சு, ஃபுட்பாலுக்காக ஏன் காத்திருக்கலைன்னு ஆகஸ்ட்டில் வீராப்பாக் கேட்டவன் நான். அந்த ஊரில் நானும் ஒருத்தன்.

12 அக்டோபர் 2025

செய்தி: ஹைதராபாத் டீம் இப்ப டெல்லிக்குப் போய் "ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி". அதாவது புனே மூடி ஹைதராபாத், ஹைதராபாத் கிளம்பி டெல்லி, டெல்லியில் ஏற்கெனவே இருந்தது புவனேஸ்வரில். பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுத்த குடும்பத்தில்கூட உறவு இவ்வளவு குழப்பமா இருக்காது.

ஹைதராபாத்காரங்களை நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு. அறுபதுகளில் இந்திய டீமில் பாதி அந்த ஊர்க்காரங்கதான்னு பெரியப்பா சொல்வார். ஊர் பெருசா இருக்கு, வரலாறும் இருக்கு. ரெண்டும் சேர்ந்தும் ஒரு டீமைப் பிடிச்சு வைக்க முடியலை. அப்ப இது சென்னையோட வியாதி மட்டும் இல்லை, பெரிய ஊர்களுக்கே உள்ளது. பெரிய ஊரில் ஆள் நிறைய, அதனால் டீமுக்கு ஆள் நிறைய இருக்கும்னு கணக்குப் போடுறோம். நடக்கிறது வேற. பெரிய ஊரில் ஒரு டீம் போனா யாருக்கும் வீட்டில் ஒரு பொருள் குறையாது.

29 அக்டோபர் 2025

நேத்து சூப்பர் கப், கோவாவில். ஈஸ்ட் பெங்கால்கிட்ட நம்ம டீம் 4-0 தோல்வி. மின்சார ரயிலில் நின்னுக்கிட்டே மொபைலில் ஸ்கோரைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு காலேஜ் பையன் எட்டிப் பார்த்து, "அண்ணா, சென்னை டீம் இன்னும் இருக்கா?" என்றான். கிண்டலாக் கேக்கலை. நிஜமாவே தெரியாமத்தான் கேட்டான். "இருக்குப்பா"ன்னு சொன்னேன், ஏதோ ஆஸ்பத்திரியில் இருக்கிறவங்களைப் பத்திச் சொல்ற குரலில்.

அதே ஈஸ்ட் பெங்காலுக்கு 2023 டூரண்ட் கப்பில் மோகன் பகானுக்கு எதிரா கோல் போட்டு, நாலு வருஷமா அவங்களை ஜெயிக்க முடியாத சாபத்தை முடிச்சது யார்? நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். சென்னை சிட்டியில் ஆடினவர். அதுக்கு முன்னாடி 2003இல் ஆசியான் கப் ஜெயிச்ச ஈஸ்ட் பெங்காலில் தஞ்சாவூர்க்காரர் குலோத்துங்கன். நம்ம பசங்களைத் தலையில் தூக்கி வச்சு ஆடுற ஊர் கொல்கத்தா. அங்கே டீக்கடையில் நந்தா பேரைச் சொன்னா டீ ஃப்ரீயாம், ஒரு நண்பர் சொன்னார், சோதிச்சுப் பார்க்கலை. இங்கே அவர் பேரைச் சொன்னா எந்த நந்தான்னு கேப்பாங்க.

9 நவம்பர் 2025

லீக் நடத்த டெண்டர் விட்டாங்க. கடைசித் தேதி 7. ஒருத்தரும் விண்ணப்பிக்கலை. ஒரு நாட்டோட முதல் லீக்கை எடுக்க ஆள் இல்லை. நாங்க இங்கே சென்னை சென்னைன்னு மூணு மாசமா அடிச்சுக்கிறோம்.

அடையாறு நண்பர் கேக்கிறார்: "கொல்கத்தா கிளப்பும் இப்பப் பணக்காரங்க கையில்தானே?" சரிதான். மோகன் பகான் 1889, ஈஸ்ட் பெங்கால் 1920, ரெண்டுக்கும் இப்ப முதலாளி வேணும். ஆனா முதலாளி மாறலாம், அந்த டீமைத் தூக்கிக்கிட்டு வேற ஊருக்குப் போக முடியாது. போனா வீடு திரும்ப மாட்டார். உறுப்பினர் சந்தா கட்டுறவங்க இருக்காங்க, தாத்தா கட்டினார், அப்பா கட்டினார். நம்ம டீமில் நான் டிக்கெட் வாங்கினவன், அவ்வளவுதான். டிக்கெட் மேட்ச் முடிஞ்சதும் செல்லாது.

பெரிய ஊர்னா தன்னால நடக்கும்னு நினைக்காதீங்கன்னு சொன்னேன்ல, இன்னொரு உதாரணம்: மதுரையில் சேது எஃப்சி, பெண்கள் அணி. 2019இல் இந்தியப் பெண்கள் லீக் சாம்பியன். அந்தப் பேரை இந்த இழையில் மூணு மாசமா யாரும் எடுக்கலை, நானும் எடுக்கலை. எங்க ஆபீஸில் பக்கத்து சீட் பொண்ணு மதுரை, அவங்கதான் படிச்சுட்டு "எங்க டீமை ஏன் சார் விட்டீங்க?"ன்னு கேட்டாங்க. "எங்க டீம்"னு சொன்னாங்க. அவங்க இதுவரைக்கும் ஒரு மேட்சும் நேரில் பார்த்ததில்லையாம்.

16 நவம்பர் 2025, ஞாயிறு

இன்னைக்குக் காலையில் பையனைக் கூட்டிக்கிட்டு ஏரியா கிரவுண்டுக்குப் போனேன். வழக்கமா டர்ஃப் புக் பண்ணுவோம், மணிக்கு ஆயிரத்து இருநூறு, பன்னிரண்டு பேர் பங்கு போடுவோம். இன்னைக்கு மழை, டர்ஃப் மூடிட்டாங்க. அதனால மண் கிரவுண்டு. லோக்கல் டூர்னமென்ட் நடந்துக்கிட்டிருந்துச்சு, செவன்ஸ். சுண்ணாம்புக் கோடு மழையில் பாதி அழிஞ்சிருந்துச்சு, அதனால அவுட்டா இல்லையான்னு ஒவ்வொரு தடவையும் சண்டை.

கோட்டை ஒட்டி நின்னோம். ஒரு பையன், பதினாறு இருக்கும், வெறுங்கால், த்ரோ எடுக்க எங்க பக்கத்தில் வந்தான். என் பையன் பயந்துக்கிட்டே, "அண்ணா, ரைட்ல ஆள் ஃப்ரீயா நிக்கிறாங்க"ன்னான். அவன் திரும்பிப் பார்த்தான், ரைட்டிலேயே போட்டான். கோல் விழலை. ஆனா என் பையன் அடுத்த அரை மணி நேரம் அந்த டீமுக்குத்தான் கத்தினான். பேர் என்னன்னே தெரியாது. பாதியில் கேட்டான், "அப்பா, இவங்க அடுத்து எப்ப ஆடுறாங்க?" விசாரிச்சேன். அடுத்த ஞாயிறு, காலை ஏழு மணி, செமி ஃபைனல். ஜெயிச்சா மதியமே ஃபைனல். மதிய சாப்பாடு பிரியாணியாம், டீமுக்கு மட்டும்.

அடையாறு நண்பரே, நீங்களும் வாங்க. பெரம்பூர் ஸ்டேஷனில் இறங்கி போன் பண்ணுங்க, நான் வண்டி எடுத்துட்டு வர்றேன். செருப்பு பழசாப் போட்டுட்டு வாங்க, சேறு.